வெறுங்கோலின் நுனியில் ஒரு நகம்

1.

இந்தக் கதை எதற்காகப் பிறந்தது என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன்: ஒரு வேலையைத் தள்ளிப்போட.

என் பட்டறை மேசையில் இரண்டு வெறுங்கோல்கள் கிடக்கின்றன. வளையம், பிடி, ரீல் எதுவும் ஏறாத மொட்டைத் தூண்டில் கோலைத்தான் அப்படிச் சொல்கிறேன். ஒன்று கார்பன் இழை. கறுப்பு, விறைப்பு. மற்றது கண்ணாடி இழை. தேன் நிறம், மூச்சு விட்டாலே வளையும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை வைத்து, நூல் சுற்றிக் கட்ட வேண்டும். இருட்டுவதற்குள் நண்பனின் மனைவி மார்லிஸ் வந்து பார்ப்பாள். நானோ நூலை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "போர்ட் ஏஞ்சலஸில் மழை பெய்துகொண்டிருந்தது." (அடித்துவிட்டேன். அமெரிக்காவின் இந்த வடமேற்கு மூலையில் பிப்ரவரியில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி.)

இரண்டாவது: "நான் பிறந்த அன்று பிடித்த மழை இன்னும் விடவில்லை, ஒருமுறை ஒரு சால்மன் ஆற்றை மறந்து மழையிலேயே நீந்தி ஏறி, எங்கள் கூரையில் முட்டையிட..." (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் ஒரே ஒரு விஷயத்தில் நான் உண்மை பேச வேண்டியிருக்கிறது. எடுத்த எடுப்பில் மீனைக் கூரையில் ஏற்றினால் அப்புறம் எவன் நம்புவான்?)

மூன்றாவது: "விங்கோவின் கைகள்

இதற்குமேல் ஓடவில்லை.

3.

சரி, விங்கோ. குரோவேஷிய மீனவர்களின் பேரன். அவனும் நானும் கார் ஏற்றிச் செல்லும் ஒரே ஃபெர்ரிக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் மேல்தளத்தில் கார்களை நெருக்கி நிறுத்துகிற ஆள். (என் காலத்தில் ஒரு நடைக்குப் பன்னிரண்டாயிரம் கார் ஏற்றியிருக்கிறேன்.) அவன் கீழே எஞ்சின் அறையில். ஓடுகிற எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், எந்த வால்வு முனகுகிறது என்று சொல்லிவிடுவான். இதில் மிகை இல்லை. இருந்திருந்தால் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பேன்.

போன வருடம் புற்றுநோய். மருந்து ஏற்றினார்கள். நோய் போயிற்று, போகிற போக்கில் விரல்களின் உணர்ச்சியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"எங்கடா போச்சு? லேசா மரத்திருக்கு, அவ்வளவுதான்" என்பது விங்கோவின் கட்சி. அவன் மனைவி மார்லிஸின் கட்சி வேறு.

"அடுப்பு மேல கைய வச்சிக்கிட்டு என்கிட்ட கதை பேசிட்டு நிக்கிறான்யா. தோல் கருகுற வாடை வந்து நான்தான் இழுத்தேன். இவன் தனியா படகுல போறானாம்! இந்தக் குளிர்ல விழுந்தா, கயித்தப் பிடிச்சிருக்கோமா இல்லையான்னே தெரியாது இவனுக்கு."

"நான் கூடப் போறேனே."

"உன் இடுப்புல பாதி இரும்பு. நீ விழுந்தா நங்கூரம்."

எங்கள் நீரிணைச் சால்மன் கடித்ததும் இழுத்துக்கொண்டு ஓடாது. இரையை வாயில் வைத்தபடி மேல்நோக்கி நீந்தும். அப்போது நரம்பில் கட்டிய ஈயக் குண்டின் கனம் சட்டென்று காணாமல் போகும். கனம் போனது கைக்குத் தெரிந்தால் உடனே சுருட்டலாம். தெரியாவிட்டால் மீன் துப்பிவிட்டுப் போய்விடும். கார்பன் கோல் அந்தச் சேதியைக் கைக்குக் கொண்டுவரும். கண்ணாடிக் கோல் கையிடம் ஒன்றும் சொல்லாது. ஆனால் வளைந்திருந்த நுனி நிமிர்வதைக் கண் பார்க்கலாம். அது கை செத்தவர்களின் கோல்.

"அவன் கை வேலை செய்யுதான்னு நீயே பாரு எமெட்" என்றாள் மார்லிஸ். "செஞ்சா கார்பன்ல கட்டு. படகு இருக்கட்டும், நான் வாயத் திறக்க மாட்டேன். செய்யலேன்னா கண்ணாடியில கட்டு. படக வித்துடுறேன். துறைமுகப் பலகையில உக்காந்து பிடிக்கட்டும்."

"வாயாலயே சொல்லிடுறேனே?"

"உன் வாயா? நீ பிடிச்ச மீனெல்லாம் செத்த பிறகும் வருஷத்துக்கு ஒரு ஜாண் வளருது. எதுல நூல் சுத்தியிருக்கன்னு பாத்துக்கறேன், போ."

4.

[இந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். இதில் மார்லிஸ் அழுதாள். உண்மையில் அவள் அழவில்லை. அதனால்தான் எழுத வரவில்லை.]

5.

கோல் கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற சோதனை இது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்கோலின் அடியைப் பிடிப்பார். மற்றவர் நுனியை நகத்தால் சுரண்டுவார். கைக்குத் தெரிந்ததும் "இப்ப" என்று சொல்ல வேண்டும்.

இன்று காலை விங்கோ கார்பன் கோலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். கண்ணை மூடினான்.

"ஏமாத்தாதடா, கார்க்காரா."

"உன்ன ஏமாத்தி எனக்கு என்னடா கிடைக்கப்போவுது, எண்ணெய்க் கை?"

நுனியைச் சுரண்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் அழுத்தி, வண்ணம் உரியச் சுரண்டினேன். தகரக் கூரையில் மழை. அவன் முகத்தில், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவனின் பணிவு.

பிறகு இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

"இப்ப!" என்றான் விங்கோ. கண்ணைத் திறந்து சிரித்தான். "எப்படி?"

"காபி குடிக்கிறியா?" என்றேன். நாவன்மையால் ஊரையே மூழ்கடித்த எனக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

"பாத்தியா! மார்லிஸ்கிட்ட சொல்லு. வளையத்துக்குப் பச்சை நூல் போடு, என்ன?"

கிளம்பும்போது கோட்டு ஜிப்போடு மல்லுக்கட்டினான். "மாட்டிக்கிச்சு, சனியன்" என்றான். நான் குனிந்து இழுத்துவிட்டேன். ஜிப் எங்கும் மாட்டியிருக்கவில்லை. அவன் என் தலைக்கு மேலாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

(வாசகரே, அவனுக்குத் தெரிந்திருக்குமோ? இந்தப் பாத்திரத்தை நான் சந்தேகிக்கும் இடம் இதுதான். "இப்ப" என்று அவன் சொன்னது கையை நம்பியா, என்னை நம்பியா?)

6.

முடிவுகள், கைவசம் உள்ளவை:

கார்பன் கட்டுகிறேன். விங்கோ தனியே போகிறான். எருமைக் கன்று பருமனில் ஒரு சால்மனோடு திரும்புகிறான்; அதைக் கரையேற்றியதும் கடல் மட்டம் ஓர் அடி இறங்குகிறது. (எழுதும்போது குஷியாக இருந்தது. படிக்கும்போது இல்லை.)

கார்பன் கட்டுகிறேன். மாலையில் கடலோரக் காவல்படையினர் ஒரு படகைப் பார்க்கிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. படகு வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. அதில்

கண்ணாடி கட்டுகிறேன். படகு விற்றாகிவிட்டது. விங்கோ பலகையில் உட்கார்ந்து ஒரு நுனியையே பார்த்துக்கொண்டிருக்கிறான், என்னிடம் பேசுவதில்லை. நெடுநாள் வாழ்கிறான். நெடுநாள் பேசுவதில்லை.

இரண்டையும் முட்டியில் வைத்து முறிக்கிறேன். (கண்ணாடி வளையுமே தவிர முறியாது. என் முட்டிதான் முறியும்.)

7.

வெளியே மார்லிஸின் வண்டிச் சத்தம். வைப்பரை நிறுத்திவிட்டாள், இறங்கவில்லை. மேசையில் பச்சை நூல்கண்டு அப்படியே இருக்கிறது. எந்தக் கோலிலும் ஒரு சுற்றுகூட இல்லை.

உண்மை என்ன என்று உங்களிடம் சொல்லிவிட்டேன், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஜாண்கூடக் கூட்டாமல். ஆனால் நீங்களும் என் வாயை நம்ப வேண்டாம். வாருங்கள், இந்த ஸ்டூலில் உட்காருங்கள். கார்பன் கோலின் அடியைப் பிடியுங்கள். கண்ணை மூடுங்கள். வண்டிக் கதவு திறக்கிற சத்தத்தைக் காதில் வாங்காதீர்கள்.

நான் நுனியருகே நிற்கிறேன்.

சொல்லுங்கள். இப்பவா?