துளசிராமன் வேண்டாமென்ற பெஞ்சு

சாயங்காலம் டீ வந்தால் துளசிராமன் இரண்டு டம்ளர் வாங்கி வைப்பார். ஒன்று அவருக்கு, இன்னொன்று கொர்னேலியஸுக்கு. தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் துளசிராமனின் துணிக்கடைக்குப் போனவர்கள், உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து இருமிக்கொண்டே ஊர்க்கதை பேசும் அந்தப் பழைய சுரங்கத் தொழிலாளியைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். சுரங்கத்துத் தூசி நெஞ்சைத் தின்றுவிட்ட மனிதர். கடை வாசலில்தான் ஆட்டோவை விட்டு இறங்குவார்.

அந்தக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. வரைபடத்தோடு வந்தவள் நகராட்சிப் பொறியாளர் ஸ்வப்னா. வண்டிகள் தெருமுனையோடு நின்றுவிடும், வழிநெடுக நிழலில் பெஞ்சுகள் இருக்கும் என்றாள். துளசிராமனுக்குப் பெஞ்சு பிடிக்கவில்லை. வெட்டிப்பயல்கள் நாள் முழுக்கக் குந்திக்கொண்டு கடையை மறைப்பார்கள் என்று மற்ற கடைக்காரர்களையும் கிளப்பிவிட்டு ஒற்றைக்காலில் நின்றார். வாதாடி அலுத்துப்போன ஸ்வப்னா, பெஞ்சுக்குப் பதில் பெரிய பூந்தொட்டிகளை வைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, தெரு பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதன்பிறகு கொர்னேலியஸ் வரவில்லை. என்ன கோபமோ, அவனே வரட்டும் என்று துளசிராமனும் வீம்பாக இருந்துவிட்டார். கடைசியில் சாவுச்செய்திதான் வந்தது.

அடக்கம் முடிந்து மாரிகுப்பத்து வீட்டில் கூட்டம் கலைந்ததும், கொர்னேலியஸின் மனைவி மரியகுழந்தையிடம் துளசிராமன் மெல்லக் கேட்டார்.

"என்மேல அவனுக்கு இன்னாம்மா கோவம்?"

"கோவமா? எத்தினி வாட்டி வந்தாருண்ணா. முனையில எறங்கி நடப்பாரு. பாதியில மூச்சு வாங்கும், குந்த எடம் இருக்காது. பூந்தொட்டிய புடிச்சிகினு தூரத்துல இருந்தே உங்க கடைய பாத்துட்டு திரும்பிடுவாரு. சுரங்கத்துல ஆள எறக்குற கேஜு லிஃப்ட்டு கூட லெவலுக்கு லெவல் நிக்கும், இங்க அதுகூட இல்லன்னு சிரிப்பாரு. பெஞ்ச வேணாம்னது நீங்கதான்னு அவருக்குத் தெரியும். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு என்னைய சொல்ல வுடல."

துளசிராமன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். யாரோ முகம் தெரியாதவர்களை விரட்டுவதாக நினைத்துத்தான் அவர் அன்று அத்தனை சத்தம் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து ஸ்வப்னாவுக்குப் போன் செய்து, தெரு முழுக்கப் பெஞ்சு போடச் சொன்னார். நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று அவள் கேட்டாள்.

"நான்தாம்மா. ஊருக்குப் பொதுவான எடத்துல உக்கார எடம் இல்லன்னா, முடியாதவங்கள வராதேன்னு சொல்ற மாதிரிதான். நான் என் சினேகிதனுக்கே அப்படி சொல்லிட்டேன்."

மேஜைமேல் இரண்டாவது டம்ளர் டீ ஆறிக்கொண்டிருந்தது.