அரை அங்குலம்

அன்று காலை கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். மிஷினில் தையல்காரி. இஸ்திரி மேஜையில் அவள் கணவர். பித்தான் தைத்துக்கொண்டு அவள் தங்கை. உடுப்பு வாங்கிப் போக வந்த பள்ளி ஆசிரியை. கண்ணாடி முன் முக்காலியில், பொருத்திப் பார்க்க உள்பக்கம் வெளியே தெரியப் போட்ட புதுச் சட்டையோடு, கைகளைத் தூக்கியபடி, தையல்காரியின் பதினேழு வயது மகள்.

மகளுக்கு வீட்டில் மூட்டை என்று பெயர். குழந்தையாக இருந்தபோது துணி மூட்டைகளுக்கு நடுவே தூங்குவாள், அதனால் வந்தது. அப்போது அது செல்லம். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் வளர்ந்ததும் அதே பெயருக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. கூப்பிட்டவர்களுக்கு அது தெரியவில்லை, கேட்டவளுக்குத் தெரிந்தது. அளவு கொடுக்க வந்தவர்களும் தங்கள் பங்குக்குச் சிரித்தார்கள். உனக்குத் தைக்க இந்தக் கடைத் துணி பத்தாது போலிருக்கே என்றாள் ஒருத்தி.

நாலு மாதத்துக்கு முன்பு மகள் சாப்பாட்டைக் குறைத்தாள். எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு அநேகமாக நிறுத்தினாள். அப்போதும் பாராட்டினார்கள். தையல்காரி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மகள் இடுப்பில் டேப்பைச் சுற்றி, அளவு நோட்டில் எழுதினாள். அரை அங்குலம் குறைந்தால் அடியில் சிவப்புக் கோடு. அந்தப் பக்கத்தை வாடிக்கைக்காரர்களுக்குத் திறந்து காட்டினாள். மகளுக்கு முடி கொத்தாகக் கொட்டியது. வெயிலிலும் குளிருகிறது என்று ஸ்வெட்டர் போட்டாள். மாதவிலக்கு நின்றதை அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஆசிரியை முக்காலியைச் சுற்றி வந்து பார்த்தாள். கடை வாசலில் வைக்கிற பொம்மை தோற்றது என்றாள். தன் மகளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கச் சொன்னாள்.

"மூட்டையை அவுத்துட்டோம் டீச்சர்" என்றாள் தங்கை. "இப்ப இவ பென்சில்."

சிரித்தார்கள். மகள் மட்டும் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னும் கொஞ்சம் பிடிம்மா. இங்க சதை தெரியுது" என்றாள்.

அங்கே எலும்புதான் இருக்கிறது என்றார் தகப்பன். உங்களுக்கு இஸ்திரியைத் தவிர என்ன தெரியும் என்று மனைவி கேட்டதும் பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

யாருக்குத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பார்கள். உடம்பு பெருத்தால் பிரித்து விடலாம். இருபது வருடத் தொழிலில் தையல்காரி அந்தத் துணியை யாருக்கும் வெட்டியதில்லை. அன்று மகளைத் திருப்பி நிறுத்தி, இனி இது இவளுக்கு எதற்கு என்று சொல்லி, ஓரத்தை நீளமாக வெட்டி எறிந்தாள். கத்தரியை அவள் கீழே வைப்பதற்குள் மகள் முக்காலியிலிருந்து சரிந்தாள். விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைகள் முடிய மத்தியானம் ஆனது. இதயம் மிக மெதுவாகத் துடிக்கிறது, பிழைப்பாளா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். பிடிவாதம் இல்லை, இது நோய். எலும்பாகிவிட்ட பிறகும் கண்ணாடியில் அவளுக்குச் சதைதான் தெரியும் என்று விளக்கினாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவு இளைச்சிருக்கா. வீட்டுல ஒருத்தர்கூடக் கவனிக்கலையா?"

"கவனிச்சேன் டாக்டர்" என்றாள் தையல்காரி. "அரை அங்குலம் அரை அங்குலமா கவனிச்சேன். நான்தான் அளவெடுத்தேன்."

எந்தத் தேதியில் எவ்வளவு என்று நோட்டில்லாமலே சொல்லிக்கொண்டு போனாள். டாக்டர் பாதியிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

இதயத்தைக் கருவியில் கண்காணித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்து, சாப்பிட்ட பிறகும் ஆள் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற வார்டு ஒன்று மாடியில் இருந்தது. அங்கே சேர்க்க வேண்டும் என்றார்கள். கண் விழித்திருந்த மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"குண்டாக்கிடுவாங்கம்மா. செத்தாலும் பரவாயில்ல, அது வேணாம்."

நர்ஸ் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வார்டு வாசலில், எவ கண்ணு பட்டதோ, அவ்வளவு அழகாக இருந்தாளே என்று தங்கை மூக்கைச் சிந்தினாள்.

"பட்டது நம்ம கண்ணுதான்" என்றாள் தையல்காரி. அவள் அழவில்லை. "குண்டா இருந்தப்ப சிரிச்சோம். இளைச்சப்ப கை தட்டினோம். ரெண்டும் ஒரே அடிதான். எவ்வளவு குறைஞ்சேன்னு எல்லாரும் கேட்டோம், நல்லா இருக்கியான்னு ஒருத்தரும் கேக்கல. ஒரு பொண்ணோட உடம்பு நாம மார்க் போடறதுக்கு இல்ல. அது அவ உயிரோட இருக்கறதுக்கு."

நாற்காலி வாசலைத் தாண்டியது. தையல்காரி ஓர் அடி எடுத்து வைத்தாள். ஒரு வாரத்துக்கு யாரும் பார்க்க முடியாது என்று வார்டு நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து சாவி இரண்டு முறை திரும்பியது.