இருளாண்டியின் இலவச நிகழ்ச்சி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் மாத்தளை முத்துமாரியம்மன் என் இரண்டு கண்களையும் எடுத்துக்கொள்ளட்டும். இடது கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்துவிட்டது. ஆகையால் வலது கண்ணைத் தனியாகச் சேர்த்தே சத்தியம் செய்கிறேன். சொல்லப்போவது அலுவிகாரையில் குடியிருந்த இருளாண்டியின் சாவைப் பற்றி. சாவு விஷயத்தில் பொய் சொல்கிறவன் மனிதனே இல்லை.

இருளாண்டி எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவர். வாலிபத்தில் மலையிறங்கி வந்து, டவுனுக்கு வெளியே இருக்கிற கல்லூரியில் இராக்காவலாளியாகச் சேர்ந்தார். இரவெல்லாம் காவல், பகலெல்லாம் தூக்கம். நம் பக்கத்தில் பிரேதம் எடுப்பது பிற்பகலில். அதனால் வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் ஒரு மரண வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. பெண்சாதி முந்திக்கொண்டாள், பிள்ளைகள் இல்லை. அவளுடைய சாவுக்கு ஊரே வந்தது. எல்லார் வீட்டுக்கும் போய் அழுதுவிட்டு வந்தவள் அவள். வந்த கூட்டம் அவளுக்காக வந்தது, தனக்காக அல்ல என்பது இருளாண்டிக்கு அன்று உறைக்கவில்லை.

ஓய்வு பெற்ற வருடம் பக்கத்து வீட்டு யோகராஜ் இறந்தபோதுதான் உறைத்தது. யோகராஜ் முன்பின் தெரியாதவர்களின் சாவுக்கும் பஸ் ஏறிப் போகிறவர். அவருடைய ஊர்வலத்தின் தலை மயானத்துக்குப் போய், அடக்கம் முடித்து, ஏ நைன் ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஊர்வலத்தின் வால் வீட்டை விட்டுப் புறப்பட்டது. விகாரை வளைவில் இரண்டும் சந்தித்து, யார் யாருக்கு வழி விடுவது என்று பொலிஸ்காரர் தடுமாறியதை இந்த வலது கண்ணால் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு இருளாண்டி, எதிர் வீட்டுக் கமலாட்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் செத்தா எத்தன பேரு வருவாங்க?"

"நீங்க யாரு வீட்டுக்குப் போயிருக்கீங்க?"

இருளாண்டி எண்ணுவதற்கு விரல்களை விரித்தார். மடக்க ஒரு வீடும் கிடைக்கவில்லை.

"நான் வருவேன்," என்றாள் கமலாட்சி. வானத்தைப் பார்த்துவிட்டு, "மழ இல்லன்னா," என்றாள்.

விட்டுப்போன மரண வீடுகளுக்கெல்லாம் இனிமேல் போக முடியாது. ஆனால் கல்லூரி வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. இரத்ததான முகாம், கண் பரிசோதனை, சிரமதானம், தெருவோர அன்னதானமான தன்சல் என்று மாணவர் தொண்டர் சங்கம் நடத்துகிற இலவச நிகழ்ச்சிகளெல்லாம் அதில் வரும். எல்லாவற்றுக்கும் தொண்டர்கள் தேவை என்று கீழே எழுதியிருக்கும். மரண வீட்டில் சேர்க்காத ஆட்களை இங்கே சேர்த்துவிடலாம் என்று இருளாண்டி முடிவு செய்தார். நான் அவர் கூடவே இருந்தேன். அவர் போன இடமெல்லாம் நானும் போனேன்.

முதலில் இரத்ததானம். வயது கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். தலைக்கு மை பூசிக்கொண்டு வேறு வாசல் வழியாக வந்து கையை நீட்டிவிட்டார். அந்த இரத்தம், வயிற்றில் ஒப்பரேஷன் செய்துகொண்ட சாப்பாட்டுக்கடை ரவூபுக்கு ஏறியது. ரவூப் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு இராத் தூக்கம் கிடையாது. பொழுது சாய்ந்தால் ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே நடப்பார். இராக்காவலாளியின் இரத்தம் வேறு எப்படி இருக்கும்?

அடுத்து பொசன் பௌர்ணமித் தன்சல். அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் கொடுத்தார்கள். ரோட்டில் கொடி பிடித்து வாகனங்களை மறிக்கிற வேலை இருளாண்டிக்கு. யாழ்ப்பாணத்து பஸ் ஒன்றை மறித்தார். வேண்டாம் என்று சொன்னவர்களையும் விடவில்லை. தின்ற கிழங்கு இறங்குவதற்குள் பாதிப் பேருக்கு ஊருக்குப் போகும் எண்ணமே விட்டுப்போயிற்று. அதில் ஒரு குடும்பம் இன்றைக்கும் அலுவிகாரையில் வாடகைக்கு இருக்கிறது.

வஹகோட்டைக் கோயில் திருநாளுக்கும் போனோம். வேலை, யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது. விடியலிலிருந்து பொழுது சாயும் வரை ஊற்றியதில், வீட்டுக்கு வந்த பிறகும் வலது கை ஊற்றுகிற வாக்கிலேயே நின்றுவிட்டது. ஒரு கிழமைக்குக் கோப்பையைக் கையில் எடுத்தாலே தேத்தண்ணி தரைக்குத்தான் போகும். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தாலும் பெயரைத் தெரிந்துவைத்திருந்தது. அது போதும் என்றார்.

கடைசியாக இலவச மருத்துவ முகாமில் கதிரை தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவரை, நீங்களும் காட்டுங்கள் என்று டொக்டர் உட்காரவைத்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். "வீட்டுல வேற யாரு இருக்காங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

இருளாண்டி நேரே தொண்டர் சங்கத் தலைவி நிரோஷாவிடம் போனார். கம்பளைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை. பேனர் ஒன்றை மடித்துக்கொண்டிருந்தது.

"மக, நான் செத்தா புள்ளைங்க எல்லாம் வருவீங்களா?"

"வராம என்ன தாத்தா. ஆனா ஒரு கெழமைக்கு முந்தியே சொல்லிறணும். போர்டுல போட்டாத்தான் புள்ளைங்க வரும். திடீர்னு சொன்னா லெக்சர் இருக்கும்."

"சாவ எப்பிடி மக முந்திச் சொல்றது?"

"அதான் தாத்தா எங்களுக்கும் கஷ்டம்," என்று சிரித்தது.

இருளாண்டி சிரிக்கவில்லை. பேனரின் மறு நுனியைப் பிடித்து மடித்துக் கொடுத்தார். "அப்ப இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழம போடுங்க," என்றார்.

"அதுக்குள்ள முடிஞ்சிருமா தாத்தா?"

"பாக்குறேன்."

பலகையில் வந்துவிட்டது. இலவச சமூக நிகழ்ச்சி, திரு. முத்தையா இருளாண்டியின் இறுதி யாத்திரை, அனைவரும் வருக, தேநீர் உண்டு, தொண்டர்களுக்குச் சான்றிதழ் வழங்கப்படும்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் தம்மால் ஆனதைச் செய்தார். சனிக்கிழமை முழுக்க அன்னம் தண்ணீர் இல்லாமல் பாயில் கிடந்து பார்த்தார். ஞாயிறு காலையில் வந்தது பசிதான். எழுந்து முகம் கழுவியபோது, மெயின் ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை மாணவர்கள் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டி முடித்திருந்தார்கள். சாவு வீடுகளுக்குக் கை கொடுக்கிற மரணாதார சங்கத்துக் கூடாரமும் வந்துவிட்டது. இரத்ததான முகாமில் மைத் தலையோடு எடுத்த படம் பேனரில் தொங்கியது.

வெள்ளைக் கொடிக்குப் பின்னால் வந்தவர்கள் பாதி வழியில் திரும்பக் கூடாது, தரித்திரம். ஆகவே எல்லோரும் வந்தார்கள். எல்கடுவவிலிருந்து ஒரு லொறி நிறைய வந்தார்கள். வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து, வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்ற இருளாண்டியிடமே கை கொடுத்து, "மனசத் தேத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

கமலாட்சி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே..."

"இருக்கேன் அக்கா."

"சும்மா இருங்க. இப்பத்தான் அழுக வருது."

பிள்ளைகள் பேசினார்கள். இராத்திரியில் விடுதி வாசலைத் திறந்துவிட்ட நல்ல மனம் பற்றி ஒரு பழைய மாணவர் பேசி அழுதார். இஞ்சித் தேத்தண்ணி போய்க்கொண்டே இருந்தது. நாலு மணிக்கு மரணாதார சங்கச் செயலாளர் சோமசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப எடுப்பமா?"

"எத?" என்றார் இருளாண்டி.

ஒரு கதிரை நகர்ந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மரண வீட்டிலிருந்து போகிறபோது சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது வழக்கம். அப்படியே அவரைத் தாண்டித் தாண்டி, முகம் பார்க்காமல், போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்கள். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். கமலாட்சி வீட்டில் வாளி நிறையும் சத்தம் இங்கே வரை கேட்டது. இருளாண்டிக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. கதிரைகளை அடுக்கிக்கொண்டே, "பாத்தீங்களா சனத்த," என்று காலியான கூடாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஐப்பசி மழையில் அவர் நிஜமாகவே இறந்தார். காலையில் கோப்பையைக் கையில் பிடித்தபடி. இந்த முறை தேத்தண்ணி சிந்தவில்லை.

சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு வர நான்தான் போனேன். கமலாட்சி கதவைப் பாதி திறந்தாள்.

"நான்தான் வந்துட்டேனே. வந்து தலைக்கும் ஊத்தியாச்சி. ஒரே சாவுக்கு ரெண்டு தடவ போனா அந்த ரெண்டாவது சாவு நம்ம வீட்டுக்கு வந்துரும். எனக்கு மட்டும் வர ஆச இல்லையா?" மழையையும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

சோமசுந்தரம் விதியைச் சொன்னார். "சங்கத்துல ஒரு ஆளுக்கு ஒரு கூடாரம். அவருக்குக் குடுத்தாச்சி. கொடியும் தோச்சி மடிச்சாச்சி. இன்னொருக்கா குடுத்தா நாளைக்கு எல்லாரும் ரெண்டு தடவ சாவாங்க."

கல்லூரியில் நிரோஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த ஈவன்ட் முடிஞ்சிருச்சே தாத்தா. சேட்டிபிக்கட்டும் குடுத்தாச்சி. இப்ப எல்லாருக்கும் எக்ஸாம்." அந்தப் பிள்ளைமேல் குற்றமில்லை. பலகையில் அடுத்த மாதத்து நிகழ்ச்சிகள் ஒட்டியிருந்தன. மழையில் எழுத்து கரைந்து வடிந்துகொண்டிருந்தது.

ரவூப் மட்டும் குடையில்லாமல் வந்தார்.

"ரவூப் நானா, நீங்களும் அன்னைக்கு வந்தீங்கதானே?" என்று கேட்டேன்.

"வந்தேன். அது ஊராளா வந்தது. என் ஒடம்புல ஓடுறது அவர்ட ரத்தம். நான் வராம யாரு வாரது?"

பெட்டியின் ஒரு பக்கத்தை ரவூபும் நானும், மறுபக்கத்தைப் பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலை வண்டிக்காரனும் குழி வெட்டியவனும் பிடித்தோம். சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. வழியில் ஒரு கொடி இல்லை, எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் திறக்கவில்லை. அழுவதற்கும் ஆள் இல்லை. தூக்குகிறவனால் அழ முடியாது.

"சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்லையா?" என்று வண்டிக்காரன் கேட்டான்.

"எல்லாரும் முந்தியே வந்துட்டுப் போயிட்டாங்க தம்பி," என்றார் ரவூப்.

மண் தள்ளி முடிந்ததும் ரவூப் ஒரு கொட்டாவி விட்டார். பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் அப்படித் தூங்கி ஒருவரும் பார்த்ததில்லை. காவல் முடிந்துவிட்டது. மழை அவர் தொப்பியை நனைத்துக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வராமல், அவர் விழிக்கும் வரை நான் பக்கத்தில் நின்றேன்.

இதை எழுதுகிற என் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி, முத்தையா இருளாண்டி.