அவருடைய ஆறு எண்கள்

முனிகிருஷ்ணன் ஏதோ தப்பு செய்கிறார் என்று மூன்று வாரமாகவே எனக்குச் சந்தேகம். எனக்குச் சந்தேகம் லேசில் வராது, வந்துவிட்டால் லேசில் போகவும் போகாது.

திருப்பதிக்கு வெளியே ஒரு ராணுவத் தகவல் மையத்தில் நாங்கள் இருவரும் சாவிப் பொறுப்பாளர்கள். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. பட்டாளம் அனுப்பும் செய்திகளை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் ரகசியக் குறியீடு. அது ஒரு கார்டில் இருக்கிறது, கார்டு பெட்டகத்துக்குள் இருக்கிறது. பெட்டகம் திறக்க என் ஆறு எண்ணும் வேண்டும், அவருடைய ஆறு எண்ணும் வேண்டும். ஒருவர் அழுத்தும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்துவிட்டால் அந்த ஆளுக்கு அன்றே வேலை போய்விடும்.

முனிகிருஷ்ணனுக்கு இருபது வருஷ சர்வீஸ். முன்பெல்லாம் படபடவென்று அழுத்துவார். இப்போது ஒவ்வொன்றாகத் தடவித் தடவி அழுத்துகிறார். மதியம் ஆனால் கேட்டில் கொடுத்துவைத்த போனை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய்த் தெலுங்கில் குசுகுசுக்கிறார்.

"யாருண்ணா போன்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வூட்டு விஷயம்மா. நீ போய்த் துன்னு, சோறு ஆறிப்பூடும்."

வீட்டில் தமிழ் பேசுகிற மனுஷன் வீட்டு விஷயத்தை எதற்குத் தெலுங்கில் பேச வேண்டும்?

அன்றிலிருந்து அவர்மேல் ஒரு கண் வைத்தேன். சுவரில் தீயணைப்புக் கருவி வைத்த கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. கொஞ்சம் தள்ளி நின்றால் அவர் விரல் அதில் தெரியும். தினமும் பார்த்தேன். அவர் மெதுவாக அழுத்துவது எனக்கு வசதியாகப் போயிற்று. நாட்டைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரி மேஜர் ஹரிதாவிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டார்.

"கண்ணுல புரை வந்துகினு கீது மேடம்" என்றார் முனிகிருஷ்ணன். "எண்ணு கலங்கலாத் தெரியுது. ஆபரேஷனுக்கு இந்த ஊரு ஆஸ்பத்திரில தெலுங்குல போன் பேசித் தேதி கேட்டுக்கினு இருந்தேன். தெரிஞ்சா வேற வேலைக்கு மாத்திடுவீங்கன்னு பயந்து சொல்லல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பித்துவிடுவார் போலிருந்தது.

"நம்பாதீங்க மேடம். மாசா மாசம் ஒண்ணாந்தேதி எண்ண மாத்தணும்னு ரூல் இருக்குது. இந்த ஒண்ணாந்தேதி இவரு மாத்தவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் அதே நாலு ஒண்ணு எட்டு ஏழு மூணு பூஜ்யம்தான் அழுத்திக்கினு இருக்காரு."

மேஜர் எழுதுவதை நிறுத்தினார். முனிகிருஷ்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

"எண்ண மாத்தாதது அவர் தப்பு. அதுக்கு அவர் பதில் சொல்லுவார்" என்றார் மேஜர். "உங்க நம்பர் உங்களுக்குத் தெரியும் இல்லையா, மோகனப்ரியா?"

"தெரியும் மேடம்."

"அவர் நம்பரையும் இப்ப சொன்னீங்க. இங்க ரெண்டும் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்."

வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. பார்த்தது நாட்டுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிடிபட்டவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் என்று தோன்றியதும் அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.