முதலைக்கு நடுவே ஒரு பறவை

முதலையின் வயிற்றில் ஊசி இறங்கிய நொடியில்தான் ரேடியோவுக்கு உறுதியானது, இந்தப் புத்தகத்திலும் தான் இல்லை என்று. மிதியிலிருந்து காலை எடுத்தாள். தையல் மிஷின் பாதி வார்த்தையில் வாயடைத்துப்போன மாதிரி நின்றது.

ரேடியோ என்பது தெரு வைத்த பெயர். அவள் தையற்கடை அவள் வீட்டு முன்னறைதான். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் நேரத்தில் அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பியவர் எவருமில்லை. இடுப்பைச் சுற்றி டேப் இருக்கும்போது யாரால்தான் ஓட முடியும். ஒரு வீட்டில் வாங்கிய சேதி அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அதில் கொஞ்சம் கைவேலைப்பாடும் சேர்ந்திருக்கும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. வெறும் துணியாக எதையும் திருப்பிக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

புத்தகம் கோடி வீட்டுக் கவிஞருடையது. பகலில் குடைக் கம்பெனியில் கணக்கு எழுதுவார், மிச்ச நேரமெல்லாம் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதுவார். தொடையில் தாளம் தட்டிக்கொண்டே தெருவில் நடப்பார். எதிரே வருகிறவரிடம் "சௌக்கியமா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அந்தச் சௌக்கியத்துக்கு எதுகை தேடிப் போய்விடுவார். படம் போடுவது அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். இருவரும் சேர்ந்து தெருவிலிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து மிருகமாக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வாடகைக்கு வீடு விட்டிருக்கும் வீட்டுக்காரர், ஒட்டகச்சிவிங்கியாக வந்தார்.

எட்டிப் பார்க்கும் நெட்டைக் கழுத்து
எதிர்த்த வீட்டுச் சுவரின் மேலே;
தட்டிக் கேட்க ஆளே இல்லை,
தலைதான் உள்ளே, உடம்பு வெளியே.

வீட்டுக்காரர் ஒரு வாரம் கவிஞர் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு புத்தகத்தைக் கட்டாக வாங்கி, உறவுக்காரர்களுக்கெல்லாம் "அது நான்தான்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். கவிஞரைக் கேட்டால் மட்டும், "யாரையும் மனசுல வச்சு எழுதல சார், எல்லாம் கற்பனை" என்பார்.

அந்தக் கற்பனையில் யார் யார் என்ன ஆனார்கள் என்று முதலில் தெரிவது ரேடியோவுக்குத்தான். அச்சுக்குப் போகுமுன் கவிஞர் ஒரு மாதிரிப் புத்தகம் செய்வார். கையால் எழுதி, மனைவி பென்சிலில் படம் போட்ட தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக் கொண்டுவருவார். நடு மடிப்பில் ஒரு தையல் ஓட்டிக் கொடுக்க வேண்டியது அவள் பாடு. தைத்து முடிப்பதற்குள் தெரு முழுக்கச் சேதி போயிருக்கும்: மருந்துக்கடைக்காரர் ஆமை, பால்காரர் நத்தை. வீட்டுக்காரரின் நாய்கூட வந்துவிட்டது, நாயாகவே. இத்தனை புத்தகத்துக்கும் நூல் கோத்தவள் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வெட்கத்தை விட்டு ஒருநாள் ஜாடையாகக் கேட்டும் பார்த்தாள்.

"ஏன் தம்பி, நம்ம தெருவுல இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா?"

"யாரும் இல்லையேக்கா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

கவிஞர் உண்மையாகவே யோசித்தார். முகம் மலர்ந்தது. "அட, நம்ம பல் டாக்டர்."

அந்தப் பல் டாக்டர்தான் இப்போது நடுப்பக்கத்தில் முதலையாகப் படுத்திருந்தார், இடப்பக்கம் தலை, வலப்பக்கம் வால். காலையில் தாள்களைக் கொடுத்தபோது கவிஞர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "தெருக் கதை இதோட முடிஞ்சுதுக்கா. அடுத்தது நிலா, நட்சத்திரம்னு மேல போயிடலாம்னு இருக்கேன்."

"இதுலயே இன்னொரு ஆளைச் சேர்க்கணும்னா?"

"பக்கம் இல்லக்கா. ஒரு தாளைச் சொருகினாலே நாலு பக்கம் கூடிடும். நாலு பக்கத்துக்கு யாரு இருக்கா?" என்றவர், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவேண்டும், அதற்குள் தைத்துவிடுங்கள் என்று தாளம் தட்டியபடி போய்விட்டார்.

அறை மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர், பஸ் டிரைவர், ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாருக்கும் வழிவிடாமல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "என்ன, வண்டி நின்னுபோச்சு?"

"நான் இல்ல."

"எதுல?"

"புக்குல. கடைசிப் புக்காம். நாலு பக்கம் கூட்டணுமாம், அத்தனைக்கு ஆள் இல்லையாம்."

பேப்பரைத் தாழ்த்தாமலே அவர் சொன்னார்: "உனக்கு நாலு பக்கம் எந்த மூலைக்குக் காணும்?"

கேலிதான். ஆனால் ரேடியோ அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசியைத் தூக்கி முதலையை விடுவித்தாள். துணி வெட்ட மாதிரி வரையும் தடித்த தாளில் ஒன்றை எடுத்து, புத்தக அளவுக்கு நறுக்கி மடித்தாள்.

என்ன மிருகமாவது என்பதில்தான் முதல் சிக்கல். மயில் என்று நினைத்தாள். கடைக் கண்ணாடியில் ஒருமுறை தன்னைப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டாள். "காக்கா" என்றார் கணவர், யாரும் கேட்காமலே. சாக்குக்கட்டி ஒன்று அவர் பேப்பரைத் துளைத்துக்கொண்டு போனது. யோசனை ஓடாதபோது வெறும் மிஷினை மிதிப்பது அவள் வழக்கம். மிதித்தாள். டக்கு டக்கு என்றது. மறுபடி மிதித்தாள். நாளெல்லாம் டக்கு டக்கு என்று தெருவுக்கே கேட்கும்படி குத்திக்கொண்டிருக்கிற பறவை ஒன்று இருக்கிறதே.

அதன்பிறகு பாட்டு காலில்தான் வந்தது. மிதியை நிறுத்தினால் வரியும் நின்றது. எழுதிவிட்டாள், வரையத்தான் வரவில்லை. துண்டுத்துணி மூட்டையை அவிழ்த்தாள். வீட்டுக்காரர் மகளின் பாவாடையில் மிஞ்சிய சிவப்பு கொண்டையாயிற்று. பல் டாக்டரின் கால்சட்டைக் கறுப்பு சிறகு, டிராயிங் டீச்சரின் ஜன்னல் திரைப் பச்சை மரம். வெட்டி வைத்து, தாளோடு சேர்த்து ஓரம் தைத்தாள். மூன்று பக்கம் முடிந்து நாலாவதற்கு ஒரு வரியும் பிடிபடாமல் மிதித்துக்கொண்டிருந்தபோது, டீச்சர் வாசலில் வந்து நின்றாள். "பிள்ளைங்க எல்லாம் வந்து உக்காந்தாச்சுக்கா, ஆச்சா?" ரேடியோ தாளை முதலைக்கு நடுவே சொருகி, ஒரே ஓட்டாக ஓட்டிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு அவளும் டீச்சர் பின்னாலேயே நடந்தாள்.

கவிஞர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவர் படிக்கும்போது, பாட்டு முடிவதற்குள் பிள்ளைகளின் கை பக்கத்தைப் புரட்ட நீண்டால் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகும். கொட்டாவி வந்தால் கிழித்துவிடுவார். கெஞ்சினாலும் நடக்காது, டீச்சர் பாடுபட்டு வரைந்த திமிங்கிலம் ஒன்று அப்படித்தான் போயிற்று.

பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ கதவோரம் நின்றாள், கழுத்து டேப்பைக் கழற்றக்கூட மறந்து. ஜன்னலுக்கு வெளியே அவள் கணவர், எதேச்சையாக வந்தவர்போல.

கவிஞர் நடுப்பக்கத்துக்கு வந்தார்.

பல்லைக் காட்டிப் படுத்த முதலை
பல் மருத்துவர் பேரைக் கேட்டால்...

வாலைத் தேடிக் கண் வலப்பக்கம் போனது. அங்கே சிவப்புக் கொண்டையோடு துணிப் பறவை உட்கார்ந்திருந்தது. ஒரு கணம் விழித்தார். இத்தனை கண்கள் தன் வாயையே பார்க்கும்போது நிறுத்தவும் முடியாது. நாக்கு பழக்கத்தில் மேலே போனது.

டக்கு டக்கு மரங்கொத்தி
தைக்கும் பாரு மரத்தைக் குத்தி;
பக்கத்து வீட்டுச் சேதியெல்லாம்
பையில் வைக்கும் முடிச்சுக் கட்டி.

ஒரு கையும் நீளவில்லை. பின்வரிசையில் ஒரு குண்டுப் பையன் வாயைப் பெரிதாகத் திறந்தான். ரேடியோவின் உயிர் அந்த வாய்க்குள் போய்விட்டுத் திரும்பியது, தும்மல்தான். கவிஞர் புரட்டினார்.

யானைக்கொரு சட்டை தைக்க
ஏணி வைத்து அளவெடுத்தாள்;
பூனை வந்து கொடுத்த சேதி
போகும் வழியில் அவிழ்த்துவிட்டாள்.

சிரிப்பு கிளம்பியது. "அளவெடுத்தாளா, பறவைதானே?" என்று ஒருத்தி சந்தேகம் கேட்டாள். "பறவை அக்கா" என்று இன்னொருத்தி அடக்கினாள். கவிஞரின் இன்னொரு கை தொடைக்குப் போய்விட்டதை ரேடியோ பார்த்தாள்.

ஊருக்கெல்லாம் உடுப்புத் தைத்தாள்,
ஒவ்வோர் அளவும் நெஞ்சில் வைத்தாள்;
யாருக்கும் ஒரு குறையும் இல்லை,
தனக்கு என்ன தைத்துக் கொண்டாள்?

கைகள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல, வரிசையே எழுந்து வந்து விழுந்தது. புத்தகம் கிழியாமல் தப்பியது அந்தத் தையலின் உறுதியால்தான். யாரோ புரட்டினார்கள்.

வெறும் பக்கம்.

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டாள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி தாளோடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயய்ய. ஒண்ணுமே போட்டுக்கல."

வெறும் பக்கமில்லை. மூன்றாம் பக்கத்தில் துணிப் பறவையைத் தைத்த தையல், அதன் பின்பக்கத்தில் வெறும் நூலாக விழுந்திருந்தது. அதே கொண்டை, அதே சிறகு, அதே அலகு. பொட்டுத் துணியில்லாமல், திரும்பி நின்றுகொண்டிருந்தது மரங்கொத்தி. வீடு அதிர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களில் டிரைவருக்குத்தான் முதலிடம். எவர் சட்டையையும் உட்புறம் திருப்பிப் பார்க்காமல் கொடுக்காதவள், தன்னை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. சுவருக்கு மேலே வீட்டுக்காரரின் தலை எழுந்தது. "என்ன? உள்ள என்ன?" என்று அது கேட்டது. சொல்லவேண்டியவளுக்கு அன்றைக்குப் பார்த்து வாய் வரவில்லை.

கவிஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாருக்கா இது?"

"யாரையும் மனசுல வச்சு எழுதல" என்றாள் ரேடியோ. "கற்பனை."

"பக்கம் இல்லன்னு சொன்னேனே."

"இப்ப இருக்கே தம்பி."

"உங்களை எழுதணும்னுதான் தினம் நினைப்பேன். எழுதிட்டு உங்க கடையில அளவு குடுக்க யாரு நிக்கிறது?" என்றார் அவர் மெதுவாக.

டீச்சர் துணிச் சிறகைத் தடவிக்கொண்டிருந்தாள். "இப்படி எனக்கு வராது. துணியாவே இருக்கட்டும்." திரைத்துணியை அடையாளம் கண்டு அவள் புருவம் உயர்ந்ததை ரேடியோ கவனிக்காத மாதிரி இருந்தாள்.

"அப்போ முதலை? வால் நாலு பக்கம் தள்ளியில்ல கெடக்கு?" என்றார் கவிஞர்.

"நீள முதலை" என்றான் குண்டுப் பையன். அதற்குமேல் வாதமில்லை.

"இந்தப் பறவைக்கு ஏதாவது தைச்சுக் குடுங்க, பாவம்" என்றாள் பல் விழுந்த சிறுமி. கவுன் என்றது ஒரு குரல். மழைக்கோட்டு என்றது இன்னொன்று. கவிஞர் திறந்த பக்கத்தை ரேடியோ பக்கம் நகர்த்தி, பென்சிலையும் அதன்மேல் வைத்தார்.

அவள் பென்சிலை எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு நடுவே மண்டியிட்டு, கழுத்திலிருந்த டேப்பை உருவி, ஒரு நுனியைச் சிறுமியிடம் கொடுத்து, நூல் பறவையின் இடுப்பில் மெல்லப் படியவைத்தாள்.

"அசையாம நில்லு" என்றாள் பறவையிடம். பிறகு, பழக்க தோஷத்தில் குரலைத் தாழ்த்தி, "ம், சொல்லு, உங்க வீட்டுல என்ன சேதி?"

அத்தனை தலைகளும் தாளை நோக்கிக் குனிந்தன, கவிஞரின் தலையும்.