நட்சத்திர நோட்டும் மூணு பவுன் செயினும்

கேசவனுக்குக் காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றால் கால் பரபரக்கிறது, நடந்தால் பத்தடி வீட்டில் எங்கே போய் நடப்பது என்று தெரியவில்லை. டீயை ஆறவிட்டு, சூடு பண்ணி, மறுபடியும் ஆறவிட்டான். மேசைமேல் கிடந்த பதிவுத் தபாலை ஏழாவது தடவையாக எடுத்துப் படித்தான். அதில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது? திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குள் வந்து பணம் கட்டாவிட்டால் அடமானம் வைத்த நகை ஏலத்துக்குப் போகும். அந்தத் திங்கட்கிழமை இன்றைக்குத்தான்.

நகை என்றால் வேறெதுவும் இல்லை, அவன் பெண்டாட்டி முனியம்மாவின் மூணு பவுன் செயின். அவளுடைய தம்பி சூர்யாவுக்கு வருகிற வியாழக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா. ஊரே கூடுகிற இடத்தில் வெறும் மஞ்சள் கயிற்றோடு போய் நிற்பாளா? முனியம்மா வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கேசவனை இன்னும் படுத்தியது. கத்தினால்கூடப் பதிலுக்குக் கத்திவிட்டு வெளியே போய்விடலாம்.

செயின் எப்படி அடகுக்குப் போனது என்று கேட்டால் வயிறு எரியும். கேசவன் பெருங்களத்தூரில் ஒரு பெட்ரோல் பங்கில் கேஷியர். ஆறு வருஷத்துக்கு முன்னால் போனில் எவனோ ஒருத்தன் வீடியோ போட்டு, நட்சத்திர நோட்டு வைத்திருந்தால் லட்சாதிபதி என்று சொல்லிவிட்டான். அச்சடிக்கும்போது ஒரு நோட்டு கெட்டுப்போனால், அதற்குப் பதிலாக வேறொரு நோட்டை வைப்பார்கள். அந்த நோட்டில் எழுத்துக்கும் நம்பருக்கும் நடுவே ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். கடையில் கொடுத்தால் பத்து ரூபாய்க்குப் பத்து ரூபாய் சாமான்தான். ஆனால் கேசவனுக்கு அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கல்லாவில் நட்சத்திரம் வந்தால் தன் பாக்கெட்டிலிருந்து அதே மதிப்புக்கு வேறு நோட்டைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வான். அந்த விஷயத்தில் ஆள் சுத்தம், பங்க் கல்லாக் கணக்கு ஒரு நாள்கூட இடித்ததில்லை.

அப்புறம் எல்லாரும் போனை நீட்டி ஸ்கேன் பண்ண ஆரம்பித்தார்கள். கல்லாவுக்கு நோட்டு வருவதே குறைந்துபோனது. பொறுமையாக இருந்திருக்கலாம். எங்கே! நாவலூர் அடுக்குமாடியில் இருந்த ஒருத்தன் மூணு கட்டு வைத்திருக்கிறான், பத்து, இருபது, ஐம்பது, ஒவ்வொன்றிலும் நூறு நோட்டு, அத்தனையும் நட்சத்திரம் என்று கேள்விப்பட்டு ஓடினான். மொத்த முகமதிப்பு எட்டாயிரம். அறுபதாயிரம் கொடுத்து வாங்கி வந்தான். அந்த அறுபதாயிரம்தான் முனியம்மாவின் செயின்.

"ரெண்டே வருசம் முனிம்மா. மூணு மடங்காவும். செயினோட ஒரு வளையலும் சேத்து வாங்கித் தரேன்" என்று சொல்லி, கட்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோவின் மேல்தட்டில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். "இனிமே இதான் நம்ம வூட்டு லட்சுமி" என்றும் சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டு வருஷம் ஓடியது. பவுன் விலை ரெட்டிப்பாகி அதற்கு மேலும் போனது. செயின் அடகில் படுத்துக்கொண்டே வளர்ந்தது. பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே இருந்தது.

பத்து மணிக்கு மேல் தாங்க முடியாமல் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினான். மேற்கு தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கிற சத்யநாராயணன் என்று ஒருவர் இருக்கிறார். ஆறு வருஷமாக அவரைத் தெரியும், ஆனால் ஒரு தடவைகூட விலை கேட்டதில்லை. இன்னும் ஏறட்டும், இன்னும் ஏறட்டும் என்றே இருந்துவிட்டான். கேட்டால் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

சத்யநாராயணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஐம்பது ரூபாய்க் கட்டை உறையிலிருந்து உருவினார். உருவியவர் அப்படியே நிறுத்தினார்.

"என்ன கேசவன் இது?"

"இன்னா சார்?"

"மஞ்சள்."

நாலு மூலையிலும் மஞ்சள். அதன்மேல் குங்குமம். தண்ணீரில் குழைத்து வைத்தது ஓரம் வழியாக இறங்கி, மேல்நோட்டு முதல் அடிநோட்டு வரை நூறிலும் ஊறியிருந்தது. இருபதும் அப்படியே, பத்தும் அப்படியே. கட்டைத் தொட்டால் கை அழுக்குப் படும் என்று இரண்டு வருஷமாகக் கேசவன் பையைப் பிரித்ததே இல்லை.

"வாங்குறவன் கைபடாத நோட்டுக்குத்தான் காசு கொடுப்பான். இதை யாரும் வாங்க மாட்டாங்க. செலவு பண்ணிடுங்க" என்றார் அவர்.

"சார், சுத்தமா இருந்திருந்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மூணு கட்டும் சேர்த்து பதிமூணாயிரத்து ஐநூறு கொடுத்திருப்பேன்."

"மீதி, தனித்தனியா சேத்தது பதினஞ்சாயிரம் கீது சார்."

"பங்க்ல கை மாறி வந்தது தானே? மடிப்பு விழுந்த நோட்டு. அது வெறும் பதினஞ்சாயிரம்தான். நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க இதை?"

கேசவன் பையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

ரயிலில் இடம் இருந்தும் உட்காராமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மண்டைக்குள் கணக்கு ஓடியது. வேண்டாம் என்றாலும் ஓடியது, கேஷியர் மண்டை அப்படி. எட்டாயிரம் மதிப்புள்ள கட்டு, சுத்தமாக இருந்திருந்தால் பதிமூணரை. ஆக மஞ்சள் தின்றது ஐயாயிரத்து ஐநூறு. அறுபதில் மீதி நாற்பத்தாறாயிரத்து ஐநூறைத் தின்றது யார்? அந்த இடத்துக்கு வந்ததும் கணக்கை நிறுத்திவிட்டு மறுபடியும் மஞ்சளுக்கே போனான். மஞ்சள்! எவ்வளவு வசதியாகக் கிடைத்தது! வீடு இருக்கிற பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் அந்த மஞ்சளால்தான் என்று தனக்குத்தானே சாதித்துவிட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் தரையில் வீசினான்.

"எவ மஞ்ச வெச்சது இதுல?"

முனியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "நான்தான்யா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெப்பேன். இன்னா ஆச்சி?"

"இன்னா ஆச்சா? லட்ச ரூபா போச்சிடி! கட்டுல மஞ்ச பட்டிருக்காம், ஒருத்தனும் தொட மாட்டானாம். உன் செயினை நீயே ஏலத்துல வுட்டுட்ட!"

லட்ச ரூபாய்! எங்கிருந்து வந்தது அந்த லட்சம்? வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

"நீதானய்யா லட்சுமின்னு சொன்ன" என்றாள் முனியம்மா. "செயின் எப்படியாவது வூட்டுக்கு வந்துரணும்னு வேண்டிக்கினுதான் வெச்சேன். வாரம் தவறாம வெச்சேனே."

அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை நனைத்து ஒரு ஐம்பது ரூபாயின் மூலையைத் துடைக்க ஆரம்பித்தாள். மஞ்சள் போகவில்லை, இன்னும் பரவியது. அடுத்த நோட்டை எடுத்தாள். கண்ணீர் ஒரு பக்கம் வழிய, கை ஒரு பக்கம் துடைத்துக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. கேசவன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தான். சொல்லிவிடலாமா என்று நாலு தடவை வாய் வரை வந்தது. நாலு தடவையும் விழுங்கினான். பாவி.

மணி இரண்டரை ஆனபோது முனியம்மாவே மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள்.

"யோவ், மஞ்ச பட்டா மளிகைக் கடைல வாங்க மாட்டானா?"

"அதெல்லாம் வாங்குவான். ஏன்?"

"அப்போ இது துட்டுதானே? வட்டிய மட்டும் கட்டினா ஏலம் நிக்காதா?"

கேசவன் அப்படியே நின்றான். ஆறு வருஷமாகக் காசு எண்ணுகிற மனுஷனுக்கு இது காசு என்பதே மறந்துபோயிருந்தது. தபாலை எடுத்துப் பார்த்தான். வட்டியும் அபராதமுமாக இருபத்திரெண்டாயிரத்து எண்ணூற்று அறுபது கட்டினால் ஏலம் நிற்கும், அடகைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஏழு தடவை படித்தும் அந்த வரியை அவன் படிக்கவேயில்லை. கட்டு எட்டாயிரம், தனி நோட்டு பதினைந்தாயிரம். இருபத்து மூவாயிரம்.

"கிளம்பு" என்றான்.

ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, நகைக்கடன் ஆபீஸுக்குள் நுழையும்போது மூணு இருபது. கவுன்ட்டரில் வினிதா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் நோட்டுகளைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, உண்டியல் உடைச்சீங்களா? கட்டெல்லாம் மஞ்சளா இருக்கு?"

"என் தப்புதாம்மா" என்றாள் முனியம்மா. திரும்பவும் கண் கலங்கிவிட்டது. "இது லட்ச ரூபா பெறுமாம். ராசின்னு நெனச்சி மஞ்ச வெச்சி நான்தான் கெடுத்துட்டேன். இல்லாங்காட்டி இன்னிக்கு செயினையே மீட்டுக்கினு போயிருப்போம். இந்தாளு எவ்ளோ பாடுபட்டு சேத்தாரு தெரியுமா?"

வினிதா என்ன சொல்வதென்று தெரியாமல் கட்டை மெஷினில் வைத்தாள். சர்ரென்று ஓடியது. ஆறு வருஷம் சேர்த்ததை எண்ணி முடிக்க அரை நிமிஷம் ஆகவில்லை. கேசவனுக்கு நோட்டு போனதில் ஒன்றும் வலிக்கவில்லை. 'இந்தாளு எவ்ளோ பாடுபட்டாரு' என்றாளே, அதுதான் வலித்தது.

"முனிம்மா."

"இன்னா?"

"லட்சமெல்லாம் இல்ல. சுத்தமா இருந்தாலே பதிமூணாயிரத்து ஐநூறுதான்னாரு. உன் மஞ்சளால போனது ஐயாயிரம் சொச்சம். மீதி மொத்தமும் நான் ஏமாந்தது."

முனியம்மா அவனையே பார்த்தாள். மெஷின் நின்றிருந்தது. வினிதா தலையைக் குனிந்துகொண்டு ரசீது எழுதினாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"காலைலயே. தாம்பரத்துலயே."

"அப்போ மத்தியானம் பூரா என்னை அழவுட்டது இன்னாத்துக்குயா?"

கேசவன் கவுன்ட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வினிதா ரசீதோடு மீதி நூற்று நாற்பதை நீட்டினாள். ஒரு நூறு, இரண்டு இருபது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தான், கண் தானாக நம்பருக்குப் போனது. இரண்டாவது இருபதில் நட்சத்திரம். ஒரு விநாடி கூடுதலாகக் கையில் வைத்திருந்தான். முனியம்மா உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"குடு."

கொடுத்தான்.

வெளியே பிளாட்பாரத்தில் எல்லம்மா என்கிற கிழவி துணி விரித்து கவரிங் செயின் விற்றுக்கொண்டிருந்தாள். முனியம்மா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருநூறு சொன்னதை அடித்துப் பேசி நூற்று நாற்பதுக்குக் கொண்டுவந்தாள். ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். நட்சத்திர இருபது கிழவியின் சுருக்குப் பைக்குள் மடிந்து போனது. செயினைக் கழுத்தில் போட்டு, மஞ்சள் கயிற்றின்மேல் சரிபண்ணிக்கொண்டு எழுந்தாள். கல்யாணத்துக்குப் போதும், கிட்டே வந்து பார்த்தால்தான் தெரியும்.

"நல்லா கீதா?" என்று கேட்டாள்.

"நல்லா கீது."

"பாத்துச் சொல்லு, உனக்குத்தான் தெரியுமே. இது எத்தினி வருசத்துல மூணு மடங்காவும்?"

சொல்லிவிட்டு அவனுக்காக நிற்காமல் ஷேர் ஆட்டோ நிற்கிற பக்கம் நடந்தாள். கேசவன் பின்னால் போனான்.