ஆனை அடித்த கார்

என் தம்பி அருண்பாண்டி சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். யானை லத்தி என் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. ஒரு உருண்டை மட்டும் உடையாமல் வாசல்படி வரைக்கும் வந்து என் காலருகே நின்றது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு போய், நாலு பக்கமும் இடம் பார்த்து, மறுபடி சக்கரத்தருகே வைத்தான். பிறகு எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளின் வேலியோரம் நின்ற என் வாழைகள் இரண்டையும் மிதித்துச் சாய்த்தான். அதில் ஒன்று குலை தள்ளியிருந்தது. லத்தி கொண்டுவந்த அவனுடைய ஜீப், என் காருக்கு மூக்கோடு மூக்காக நின்றிருந்தது. அவன் கையைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது அவன் குரல்வளையைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது எனக்கு.

"ஆனைன்னு மட்டும் சொல்லுக்கா. ராத்திரி வந்துச்சு, வாசல்ல நின்ன வண்டிய அடிச்சுட்டுப் போயிருச்சு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

என் இடது காதில் நேற்று மத்தியானத்திலிருந்து ஓயாத இரைச்சல். அதைத் தாண்டித்தான் அவன் பேச்சு கேட்டது.

எந்த யானையும் வரவில்லை. காரை ராத்திரி ஜீப்பில் கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்தியதே அவனும் ஸ்டாண்டு ஆட்களும்தான். நேற்று பள்ளிவாசல் ஊருக்கு மேலே இருக்கும் ரிசார்ட்டில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு நான் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். தேயிலைக்குள் இறங்கும் வளைவில் தம்பியின் ஜீப் குறுக்கே நின்றது. ஏதோ ரிப்பேர் என்று நினைத்து, காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "என்னலே, தள்ளணுமா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்ட என் வாயை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஜீப் ஸ்டாண்டு ஆட்கள் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து எழுந்து வந்தார்கள். ஒருவன் கதவைத் திறந்து என் முடியைப் பிடித்து வெளியே இழுத்தான். இன்னொருவன் என் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். தம்பி சீட்டுக்குப் பின்னாலிருந்து ஜாக்கி லிவரை எடுத்துவந்தான். முதல் அடி முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி உடனே கொட்டவில்லை, வெள்ளையாகப் பூத்து நின்றது. அடுத்த அடியில் சீட்டெல்லாம் கண்ணாடி. பிறகு விளக்குகள், கதவுகள், பானெட். அவன் விறகு பிளக்கிறவன் விடுகிற மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தான்.

என்னைப் பிடித்திருந்தவனின் மணிக்கட்டைக் கடித்தேன். அவன் ரத்தம் என் வாயில் உப்புக் கரித்தது. கை விட்டதும் ஓடிப்போய்த் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். அவன் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். யாரென்று தெரிந்துதான் அறைந்தான். நான் ரோட்டில் விழுந்து கிடக்கும்போது எல்லாருமாகச் சேர்ந்து காரைத் தூக்கி மண்மேட்டில் சாய்த்தார்கள். அது மல்லாந்த ஆடுபோல நான்கு சக்கரத்தையும் காட்டிக்கொண்டு கிடந்தது. தம்பி நேராக அதன் அடிவயிற்றுப் பக்கம் போனான். எங்கே அடிக்க வேண்டும் என்று அவன் தேடவே இல்லை.

மற்ற எதையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்தக் கரண்ட் காரை வாங்கிய அன்று முதலில் வந்து பார்த்தவன் அவன். பானெட்டைத் திறந்து, "எஞ்சினே காணலியேக்கா" என்று சிரித்துவிட்டுக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தான். நானும் பக்கத்தில் படுத்து, போன் வெளிச்சத்தில் பேட்டரிப் பெட்டியைக் காட்டினேன். "இதுதாம்லே வண்டி. இது போச்சுன்னா மத்ததெல்லாம் வெறும் தகரம்" என்றேன். அவன் அதைக் கன்றுக்குட்டியின் வயிற்றைத் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தான். நேற்று அவன் தட்டிய அதே இடத்தில்தான் லிவர் விழுந்தது. கருகிய பிளாஸ்டிக் வாடையோடு புகை எழும்பியபோது மற்றவர்கள் பயந்து விலகினார்கள். அவன் விலகவில்லை.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டாண்டில் வரிசை முறைப்படிதான் ஓட்டம் கிடைக்கும். புது ரிசார்ட்காரர்கள் புகை விடாத வண்டி போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டமெல்லாம் என்னைத் தேடி வந்தது. சீசன் முழுக்கத் தம்பியின் ஜீப் நின்ற இடத்தில் டயரைச் சுற்றிப் புல் முளைத்தது. "உன் அக்காவ நிறுத்த உன்னால ஆவாதா" என்று ஸ்டாண்டில் அவனைக் கேட்டுக்கேட்டு வெறியேற்றியிருக்கிறார்கள். என்னிடம் வந்து பேசியிருக்கலாம். இதே லயத்தில் அடுத்த வாசல்தான் அவன் வீடு.

இந்த யானை யோசனையும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். காருக்கு இன்சூரன்ஸ் எடுக்க அடிமாலிக்குப் போனபோது அவனையும் கூட்டிப் போயிருந்தேன். டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் செல்லத்துரை, தேர்டு பார்ட்டி மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஏஜென்ட் ஜிபி ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்ரோல் வண்டின்னா சரி சேச்சி. கரண்ட் வண்டிக்கு பேட்டரிதான் பாதி விலை. ஃபுல் கவர் எடுங்க, பேட்டரிக்குத் தனியா சேத்துக்கோங்க" என்றான். மண்சரிவு, வெள்ளம், தீ, கலவரம், காட்டுமிருகம் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தான். "ஆனை அடிச்சாலுமா?" என்று தம்பி கேட்டான். "ஆனை அடிச்சாலும்" என்றான் ஜிபி. மூன்று பேரும் சிரித்தோம். நான் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். கூடப்பிறந்தவனுக்கு என்று ஒரு கவர் இருந்திருந்தால் அன்று அதை நான் எடுத்திருக்க மாட்டேன்.

சேதம் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதற்கு முன்னால் அம்மா வந்தாள். அம்மா வேலுத்தாய் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள்.

"ஏட்டி, வண்டி போனா வேற வாங்கலாம். கேசுன்னு ஆச்சுன்னா அவன் லைசென்ஸும் போவும், அவனும் உள்ள போவான். வாயத் தொறந்து அவனச் சாவடிச்சிராத."

"என்னைய அடிச்சாம்மா. காது கேக்கல."

"ஒந்தம்பிதான அடிச்சான்."

செல்லத்துரை நீ என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் அந்தப் பேச்சு அந்த நேரத்தில் எனக்குச் செருப்படியாக இருந்தது.

சர்வேயர் சிவப்பிரகாஷ் கொல்லங்கோட்டுக்காரர். ஒல்லியான மனுஷன், பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டார். காரைச் சுற்றி வந்து போனில் படமெடுத்தார். லத்தியையும் சாய்ந்த வாழைகளையும் படமெடுத்தார். தம்பி கூடவே நடந்து, யானை எந்தப் பக்கம் வந்தது, எப்படி முட்டியது என்று கையால் காட்டிக்கொண்டே வந்தான். வேலிக்கு அப்பால் ஸ்டாண்டு ஆட்கள் சும்மா நிற்பதுபோல நின்றார்கள். ஒருவன் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தான்.

"கண்ணாடி எங்கீங்க?" என்றார் சர்வேயர்.

தம்பி முழித்தான்.

"வண்டில கண்ணாடி ஒண்ணுமில்ல. கீழயும் ஒரு தூளு இல்லீங்க. ஆனை கூட்டி அள்ளீட்டுப் போயிருச்சுங்களா?"

காரைக் கவிழ்த்தபோதே கண்ணாடியெல்லாம் அந்த வளைவில் கொட்டிவிட்டது. அதை அள்ளிவர வேண்டும் என்று அவர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. சர்வேயர் பையிலிருந்து பேப்பரை எடுத்து விரித்து, காருக்கு அடியில் படுத்து உள்ளே நகர்ந்தார். செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஆனை அடிச்ச வண்டி நெறையப் பாத்திருக்கறனுங்க. குத்தும், மிதிக்கும், உருட்டும். பேட்டரி எங்க இருக்குதுன்னு தெரிஞ்சு அடிச்ச ஆனைய இப்பத்தான் பாக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி, ஆளு அடிச்சிருந்தா போலீஸ்ல பேரச் சொல்லி எழுதிக் குடுங்க. கவர் இருக்குது, வண்டிக்கு வரும். ஆனைன்னு சொல்லி அது பொய்யின்னு ஆச்சுன்னா ஒண்ணும் வராதுங்க. இனி எந்தக் கம்பெனியும் உங்க வண்டியத் தொடவும் மாட்டான். வண்டி உங்க பேருல இருக்குது. உங்க வாயாலதான் சொல்லோணும்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தெரியாது. தம்பி தலை குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் திருடித் தின்று மாட்டிக்கொண்டால் அப்படித்தான் நிற்பான். பாவமாக இருந்தது. அந்தப் பாவம்தான் என் வாயை அடைத்தது.

சர்வேயர் அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "கன்னத்துல என்னங்க அது?"

நான் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஆனையப் பாத்துப் பயந்து ஓடுனா சார். விழுந்துட்டா."

காரை அடித்ததற்குப் பொய் சொன்னார்கள், கேட்டுக்கொண்டு நின்றேன். என் கன்னமும் அதே பொய்க்குள் போனதும் எனக்குள் ஏதோ அறுந்தது. யாரையும் பார்க்காமல் தம்பியின் ஜீப்புக்கு நடந்தேன். சீட்டுக்குப் பின்னால் கைவிட்டேன். லிவர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் நுனியில் என் காரின் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

முன்கண்ணாடியில் முதல் அடி. அதுவும் அப்படியேதான் வெள்ளையாகப் பூத்தது. இரண்டாவது அடியை இரண்டு கையாலும் அடித்தேன். பிறகு விளக்குகளை. என் மூச்சும் விறகு பிளக்கிறவன் மூச்சாகத்தான் வந்தது. அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. தம்பி, "அக்கா" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வந்தான். நான் லிவரைத் தலைக்குமேல் ஓங்கினேன். ஒரு எட்டு தூரத்தில் நின்றுவிட்டான். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் அவன் மண்டையில் இறக்கியிருப்பேன். அது அவனுக்கும் தெரிந்துவிட்டது என்பதை அவன் கண்ணில் பார்த்தேன்.

"சார், இதையும் எழுதிக்கோங்க," என்றேன். "இதுவும் ஆனைதான்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். வேலிக்கு அப்பால் மணிக்கட்டில் துணி சுற்றியவன் மெல்லப் பின்னால் நகர்ந்தான். சர்வேயர் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"மொத்தம் எத்தனை ஆனைங்க?" என்றார்.

நான் லிவரை இறக்கவில்லை. வேலியோரம் நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் தம்பியிடம் வந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கோடு மூக்காக நின்ற இரண்டு வண்டிகளுக்கும் நடுவில், அவன் இடம் பார்த்து வைத்த லத்தியின்மேல், இப்போது கண்ணாடி கிடந்தது.